டிசம்பர் 3 சுவரொட்டிக்கு என்ன படம் போடலாம்? மூன்று மாதிரி இணைத்திருக்கிறேன், திட்டுங்கள்

1. அச்சுக்கோப்பு (குகை)

சேலம் குகைப் பகுதியில் சின்னதாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா பேனர், கண்ணீர் அஞ்சலி, இதுதான் பிழைப்பு. போன வாரம் மாற்றுத்திறனாளிகள் நான்கு பேர் கடைக்கு வந்தார்கள். டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் நாளை ஒட்டி ஊருக்குள் ஒரு பிரச்சாரம் செய்ய வேண்டுமாம். வங்கி, அலுவலகம், மருத்துவமனை எதுவானாலும் எல்லோரும் உள்ளே போய்வர வழி வேண்டும் என்பதுதான் கோரிக்கை. சுவரொட்டி, ஸ்டிக்கர், வாட்ஸப்பில் அனுப்ப ஒரு படம், மூன்றும் கேட்டார்கள். கையில் காசு அதிகம் இல்லை. நானும் கூலி வாங்கப்போவதில்லை, அது வேறு விஷயம்.

மூன்று மாதிரி செய்து இணைத்திருக்கிறேன். செய்து முடித்ததிலிருந்து எனக்கே ஏதோ இடிக்கிறது. என்னவென்றுதான் பிடிபடவில்லை. பார்த்துச் சொல்லுங்கள்.

2. தட்டுவடை செட்

இரண்டாவது சூப்பர். ஆனால் நம்ம ஊரில் மாரியப்பன் தங்கவேலு இருக்கும்போது எதற்கு இணையத்தில் எடுத்த படம்? பெரியவடகம்பட்டிக்காரர், பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். அவர் தாண்டுகிற படத்தைப் பெரிதாகப் போட்டு 'முடியாதது எதுவுமில்லை' என்று எழுதுங்கள். வேலை முடிந்தது.

3. வெண்கோல்

தம்பி, எனக்குப் பார்வை இல்லை. பள்ளிக்கூட ஆசிரியர். உங்கள் பதிவை என் போன் வாசித்துக் காட்டியது. கடைசியில் 'படம், படம், படம்' என்று மூன்று முறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது. படத்தில் என்ன இருக்கிறது என்று நான்கு வரி எழுதினால் நானும் திட்டுவேன்.

4. அச்சுக்கோப்பு

மன்னிக்கணும் சார். இந்தப் பிரச்சாரத்துக்கான பதிவிலேயே இதைச் செய்யாமல் விட்டது வெட்கமாக இருக்கிறது.

படம் ஒன்று: சூரியன் மறைகிறது, ஏற்காடு மலை மாதிரி ஒரு மலை. சக்கர நாற்காலியில் ஒருவர் முதுகைக் காட்டி இரண்டு கையையும் விரித்திருக்கிறார். மேலே 'மனம் இருந்தால் மலையும் மடுவே'.

படம் இரண்டு: ஒரு கை இன்னொரு கையைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. சுற்றிலும் இதயம். 'கருணை காட்டுவோம்'.

படம் மூன்று: நடுவில் நீல நிறச் சக்கர நாற்காலிச் சின்னம், கீழே சைகை எழுத்துக் கைகள் வரிசையாக. 'அனைவருக்கும் அணுகல்'. எழுத்து வெள்ளை, பின்னணி இளமஞ்சள்.

5. நாற்சக்கரம் (அஸ்தம்பட்டி)

இப்போது நான் திட்டுகிறேன்.

நான் சக்கர நாற்காலியில் இருப்பவள். போலியோ, மூன்று வயதில். முதல் படத்தில் இருக்கிற ஆள் மலை உச்சியில் என்ன செய்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அங்கே எப்படிப் போனார்? யார் தூக்கிக்கொண்டு போய் வைத்தார்கள்? இறங்கும்போது யார் வருவார்கள்? எனக்கு மலை வேண்டாம் தம்பி. என் சம்பளம் வருகிற வங்கிக்கு மூன்று படி. அதில் ஏறத்தான் வழி இல்லை. காசோலையை வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பிவிட்டு வெயிலில் நிற்பேன். மேனேஜர் நல்லவர், அவரே இறங்கி வந்து பணத்தைக் கொடுப்பார். தெருவில் வைத்து, போகிற வருகிறவன் எல்லாம் பார்க்க, எண்ணிக் கொடுப்பார்.

இரண்டாவது படத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. கருணை காட்டுகிறவர் காட்டாமலும் போகலாம். நாங்கள் கேட்பது வழி.

இப்படிப்பட்ட படங்களைப் பற்றி ஆஸ்திரேலியாவில் ஸ்டெல்லா யங் என்ற பெண் 2014இல் ஒரு மேடையில் பேசினார். அவரும் சக்கர நாற்காலிதான். சக்கர நாற்காலிக்காரர் சிரிக்கிற படத்தைப் பார்த்து மற்றவர்கள் 'நம்ம கஷ்டமெல்லாம் ஒரு கஷ்டமா' என்று தேற்றிக்கொள்கிறார்கள், அதற்கு மட்டும்தான் அந்தப் படம் பயன்படுகிறது என்பது அவர் வாதம். எத்தனை புன்னகை செய்தாலும் படிக்கட்டு சாய்தளமாக மாறிவிடாது என்றும் சொன்னார். அதே 2014 டிசம்பரில் இறந்துபோனார்.

மாரியப்பனை நானும் கைதட்டித்தான் பார்த்தேன். ரியோவில் 1.89 மீட்டர் தாண்டினார். அந்தத் தாண்டலை வங்கி வாசலில் ஒட்டினால் 'அவர் தாண்டினாரே, நீ ஏன் மூன்று படி தாண்டக் கூடாது' என்றுதான் அர்த்தம் வரும். அது அவருக்கும் மரியாதை இல்லை, எனக்கும் மரியாதை இல்லை.

6. தட்டுவடை செட்

அக்கா, நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. நல்லதுக்குத்தான் சொன்னேன்.

7. நாற்சக்கரம் (அஸ்தம்பட்டி)

தெரியும் தம்பி. எல்லோரும் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். வீட்டுக்கு வா, தட்டுவடை செட் வாங்கித் தருகிறேன். எங்கள் தெருவில் ஒரே ஒரு வண்டிக்கடைக்குத்தான் படி இல்லை, அதனால் அதுதான் எனக்கு ஊரிலேயே பிடித்த கடை.

8. சட்டப்புள்ளி

உச்ச நீதிமன்றமே இதைப் பேசியிருக்கிறது. 2024 ஜூலை 8, நிபுன் மல்ஹோத்ரா எதிர் சோனி பிக்சர்ஸ் வழக்கு. திரைப்படம் போன்ற காட்சி ஊடகங்களில் மாற்றுத்திறனாளிகளை எப்படிக் காட்டலாம், எப்படிக் காட்டக் கூடாது என்று வழிகாட்டுதல் கொடுத்தார்கள். குறைபாட்டை மட்டும் தனியாளின் துயரமாகக் காட்டிவிட்டு, சமூகம் வைத்திருக்கிற தடையை மறைக்கிற மொழி வேண்டாம் என்பது அதில் ஒன்று. 'எங்களைப் பற்றி எதுவும் எங்களை விட்டுவிட்டு வேண்டாம்' என்ற கொள்கையும் அதில் உண்டு. சுவரொட்டிக்கும் இது அப்படியே பொருந்தும்.

9. கைமொழி

என் தம்பிக்குக் காது கேட்காது. மூன்றாவது படத்தை அவனிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான். அந்தக் கைகள் அமெரிக்கச் சைகை எழுத்துகள், ஒற்றைக் கையால் காட்டுவது. இந்தியச் சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளை இரண்டு கையாலும் காட்டுவார்கள். இணையத்தில் முதலில் கிடைத்ததை இறக்கிவிட்டீர்கள் போல. அப்புறம், எழுத்து எழுத்தாகக் காட்டுவது மொழியே கிடையாது. பெயர் மாதிரி சில சொற்களுக்குத்தான் அது. வீடியோ போடுவதாக இருந்தால் அவனும் அவன் நண்பர்களும் வந்து பேசுவார்கள், நீங்கள் தமிழில் வரி ஓடவிடுங்கள்.

10. வெண்கோல்

அச்சுக்கோப்பு தம்பி தனியாக ஒரு பிடிஎஃப்பும் அனுப்பியிருந்தார், பிரச்சாரத் துண்டறிக்கை. திறந்ததும் என் கணினி படித்தது இதுதான்: 'கே எச் டபிள்யூ செமிகோலன் டபிள்யூ ஜே செமிகோலன் ஜே பி'. ஒரு நிமிடம் யோசித்தேன், அப்புறம் பிடிபட்டது. பாமினி எழுத்துருவில் 'மாற்றுத்திறனாளி' என்று அடித்திருக்கிறார். கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துதான். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். எங்கள் பெயரையே எங்களால் படிக்க முடியாதபடி அடித்திருக்கிறீர்கள்.

தப்பு உங்களுடையது மட்டுமல்ல. சேலத்தில் பாதி டிடிபி கடை அப்படித்தான் இருக்கும். யூனிகோடில் அடித்து அனுப்புங்கள், அதில் உள்ளேயும் தமிழ் எழுத்தே இருக்கும். படத்தோடு சேர்த்து அதிலுள்ள வாசகத்தையும் தனியாக எழுதி அனுப்புங்கள்.

11. அச்சுக்கோப்பு (குகை)

இருபது வருடமாக பாமினிதான் சார். விரல் அதிலேயே பழகிவிட்டது. சரி, மாற்றிக்கொள்கிறேன்.

நிறத்தைப் பற்றியும் தேடிப் படித்தேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணையப் பக்கங்களுக்கான அளவு. பெரிய எழுத்தாக இருந்தால் 3 போதும். நான் போட்ட இளமஞ்சளில் வெள்ளை ஒன்றரைகூட வரவில்லை. வெள்ளையில் பளிச் சிவப்பே 4தான் வருகிறது. மஞ்சளில் கறுப்பு 19ஐத் தாண்டுகிறது, அதுதான் கெட்டி. ஆனால் தமிழ்நாட்டில் இது பெரிய தலைவலி. கறுப்பு சிவப்பு என்றால் ஒரு கட்சி, நடுவில் வெள்ளை வந்தால் இன்னொரு கட்சி, மஞ்சளோடு நீலமோ சிவப்போ சேர்ந்தால் வேறு கட்சி. மஞ்சளில் கறுப்பு மட்டும்தான் டாக்சிக்காரர்களோடு போகிறது.

இன்னொரு யோசனையும் வந்தது. வாசலில் புள்ளிக்கோலம் போடுவோம் இல்லையா? அந்தப் புள்ளிகளையே பிரெய்ல் எழுத்தாக வைத்து வாசகம் எழுதினால்? ஆறு புள்ளிதானே. படம் எடுத்தால் அழகாக இருக்கும்.

12. வெண்கோல்

அழகாக இருக்கும், கண் இருப்பவர்களுக்கு. பிரெய்ல் புள்ளி அரை மில்லிமீட்டர் உயரம், புள்ளிக்குப் புள்ளி இரண்டரை மில்லிமீட்டர். ஒரு எழுத்து முழுவதும் விரல்நுனிக்குள் அடங்க வேண்டும். வாசலடைத்த கோலத்தை நான் குனிந்து தடவினால் கையில் மாவு ஒட்டும், அவ்வளவுதான். பார்க்கிறவர்கள் பார்த்து ரசிக்கிற பிரெய்ல் வேண்டாம் தம்பி. நிஜமாகச் செய்ய ஆசையென்றால் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கேளுங்கள். கொலுசுக்கு அச்சு அடிக்கிறவர்களுக்கு அரை மில்லிமீட்டர் மேடு ஒரு வேலையே இல்லை. அறை எண் பலகைகளில் பதிக்கலாம்.

13. நாற்சக்கரம் (அஸ்தம்பட்டி)

என் யோசனையைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் ஆளே வேண்டாம். படியைக் காட்டுங்கள்.

சாய்தளத்துக்குக் கணக்கு 1க்கு 12. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். நம்ம ஊர் அளவில் சொன்னால் மனதில் நிற்கும்: ஒரு அங்குலம் உயரத்துக்கு ஒரு அடி நீளம். இதைவிடச் செங்குத்தாகக் கட்டினால் நானாகக் கையால் தள்ளி ஏற முடியாது, பின்னாலிருந்து யாராவது தள்ள வேண்டும், இறங்கும்போது நாற்காலி முன்னால் கவிழும். ஊரில் பல கடை வாசலில் நான்கடியில் ஒரு சரிவு இருக்கும். அது எனக்கில்லை. ராத்திரி பைக்கை உள்ளே ஏற்றுவதற்கு. பைக்குக்கு எஞ்சின் இருக்கிறது, எனக்குத் தோள்தான் இருக்கிறது.

ஆக, ஒவ்வொரு வாசலுக்கும் போய் அளந்து, எவ்வளவு நீளம் தேவை என்பதை அங்கேயே, அசல் நீளத்திலேயே காட்டினால்?

14. பாவுநூல் (அம்மாப்பேட்டை)

நான் தறிக்காரன், இதிலெல்லாம் தலையிட்டதில்லை. ஒரு கணக்கு மட்டும் தோன்றியது. ஆறு அங்குலப் படி மூன்று என்றால் 18 அங்குலம். அக்கா கணக்குப்படி 18 அடி சாய்தளம். ஒரு சேலை ஐந்தரை மீட்டர். அடியில் சொன்னால் அதுவும் 18.

மூன்று படிக்கு ஒரு சேலை. அகலம் 48 அங்குலத்தை ஒட்டி வரும்.

15. நாற்சக்கரம் (அஸ்தம்பட்டி)

அண்ணா!! சாய்தளத்துக்கு அகலமும் குறைந்தது 1200 மில்லிமீட்டர் கேட்கிறார்கள். அது 47 அங்குலம் சொச்சம். எந்தச் சேலையைப் பார்த்து அளவு எடுத்தார்களோ!

16. அச்சுக்கோப்பு (குகை)

ராத்திரி தூக்கம் வரவில்லை. மேல்படியிலிருந்து ரோடு வரைக்கும் ஒரு மஞ்சள் சேலை. அதைப் படம் எடுத்துச் சுவரொட்டி. வாசகமும் கிடைத்துவிட்டது:

மூன்று படி.
பதினெட்டு அடி.

'மாற்றுத்திறனாளிகளுக்கான' என்று எழுதினாலே பதின்மூன்று எழுத்து, பெரிதாகப் போட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். இது தூரத்திலிருந்தே தெரியும்.

17. தட்டுவடை செட்

கார்த்திகை மாதம் ஊரே மாலை போட்டிருக்கும். 'பதினெட்டு', 'படி' என்று மஞ்சளில் கறுப்பாகப் போட்டால் ஐயப்ப பூஜை அழைப்பு என்று நினைப்பார்கள்.

18. நாற்சக்கரம் (அஸ்தம்பட்டி)

நினைக்கட்டும். கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்று படிப்பார்கள்.

19. கடைத்தெரு

உங்கள் உற்சாகத்தைக் கெடுக்க வரவில்லை. என் கடை பத்தடி அகலம். முன்னால் சாக்கடை, அதைத் தாண்டினால் ரோடு. பதினெட்டு அடி விட்டால் எதிர்க்கடைக்காரர் கல்லாவில் போய் முடியும். எங்களைக் குற்றவாளி மாதிரி படம் எடுத்து ஊர் முழுக்க ஒட்டினால் யாருக்கு நல்லது? அடுத்த வாரம் மாநகராட்சியில் வந்து இருக்கிற படியையும் இடிப்பார்கள்.

20. சட்டப்புள்ளி

அண்ணாச்சி, சட்டத்தையும் பார்த்துவிடலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறை. விதிகள் 2017 ஜூன் 15. இருக்கிற பொதுக் கட்டடங்களை மாற்ற 5 வருடம் கொடுத்தது பிரிவு 45. சேவை தருகிறவர் அரசோ தனியாரோ, 2 வருடத்துக்குள் வசதி செய்ய வேண்டும் என்றது பிரிவு 46. இரண்டு கெடுவும் எப்போதோ முடிந்துவிட்டன. மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அப்புறம் 50,000 முதல் 5 லட்சம் வரை. 2024 நவம்பர் 8இல் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருப்பது சட்டத்துக்கே முரண் என்றது. கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது.

21. நாற்சக்கரம் (அஸ்தம்பட்டி)

சட்டப்புள்ளி சொன்னது சரி, ஆனால் பத்தடிக் கடைக்காரரிடம் 5 லட்சத்தைப் பற்றிப் பேசினால் ஷட்டரைத்தான் இறக்குவார். அண்ணாச்சி, உங்கள் கடைக்கு எத்தனை படி? ஒன்றுதானே? தேவைப்படும்போது எடுத்துப் போடுகிற ஆறடிப் பலகை போதும், சாத்திவைத்துக்கொள்ளலாம். இந்தப் பிரச்சாரத்தில் சின்னக் கடைகள் வேண்டாம் என்பது என் கட்சி. வங்கி, மருத்துவமனை, அலுவலகம். இடமும் இருக்கிறது, காசும் இருக்கிறது.

22. சேர்வராயன் சாரல் (ஏற்காடு)

மேலே இருந்து ஒரு குரல். உங்கள் சேலை எங்கள் ஊருக்கு எட்டாது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் ஊரே சரிவுதான், பல ரோட்டில் 1க்கு 12 கிடைக்காது.

பக்கவாதம் வந்த அப்பாவை ஒரு குடும்பம் ஒரு பார்வை முனைக்குக் கூட்டி வந்தார்கள். இறங்கிப் பார்த்தால் படிக்கட்டு. பெரியவர் காரிலேயே உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றார், கண்ணாடிக்கு வெளியே பனிமூட்டம் தவிர எதுவும் இல்லை. மற்றவர்கள் போனில் படம் எடுத்துவந்து அவருக்குக் காட்டினார்கள். படி இருக்கிறது என்று முன்பே தெரிந்திருந்தால் வேறு இடத்துக்குப் போயிருப்பார்கள். எங்களுக்கு வேண்டியது மலையடிவாரத்திலேயே ஒரு பலகை: எந்த இடத்துக்கு எத்தனை படி, கைப்பிடி உண்டா, கழிப்பறைக் கதவு எத்தனை அங்குலம். பொய் சொல்லாத பலகை. கோடை விழாக் கூட்டத்துக்கு முன்னால் வைத்தால் போதும்.

23. வெண்கோல்

சேலைக்கு ஒரு ஆட்சேபம். நடைபாதையில் விரித்த துணி என் போன்றவர்களுக்குப் பொறி. கோல் அதில் சிக்கும், கால் வழுக்கும். ஒருவருக்கு வழி கேட்கிற படத்துக்காக இன்னொருவரை விழவைக்காதீர்கள்.

24. பாவுநூல் (அம்மாப்பேட்டை)

தரையில் விரித்தால் மிதிப்பார்கள் என்று எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. நெய்தவன் இல்லையா. ஆட்கள் பிடித்துக்கொள்ளட்டும். தறிக்குப் பாவு நூல் நீட்டும்போது தெருவில் இரண்டு பக்கமும் நின்று பிடிப்போமே, அப்படி.

25. வாழப்பாடி அம்மா

என் மகனுக்கு ஆட்டிசம். அவனுக்குப் படி ஒரு பொருட்டே இல்லை, மூன்று மூன்றாகத் தாவுவான். கூட்டமும் மைக் சத்தமும்தான் தாங்காது. சட்டத்தில் 21 வகைக் குறைபாடு இருக்கிறது, ஆனால் எந்தப் படத்திலும் நாங்கள் வருவதில்லை. அந்த நீலச் சின்னத்திலும் இல்லை.

26. அச்சுக்கோப்பு (குகை)

அந்தச் சின்னத்தின் கதையைப் படித்தேன் அம்மா. 1968இல் சுசன் கோஃபோட் என்ற டென்மார்க் மாணவி வரைந்தது. முதலில் வெறும் நாற்காலிதான், தலை இல்லை. அப்புறம்தான் வட்டம் ஒன்றைச் சேர்த்து ஆளாக்கினார்கள். உங்கள் கேள்விக்கு என்னிடம் படம் இல்லை. இந்த முறை படியை மட்டும்தான் காட்டுகிறோம் என்று ஒத்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் ஒரே சுவரொட்டியில் திணித்தால் அது என் மூன்றாவது மாதிரி போலத்தான் ஆகும். அடுத்ததை நீங்களும் மகனும் உட்கார்ந்திருக்க, உங்கள் வீட்டில் வைத்தே செய்யலாமா?

27. வாழப்பாடி அம்மா

வாருங்கள். காலையில் வாருங்கள், சாயங்காலம் பக்கத்தில் கோயில் மைக்.

28. அச்சுக்கோப்பு (குகை)

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு ஒத்திகை பார்த்தோம். அக்கா, பாவுநூல் அண்ணன், கைமொழியின் தம்பி, அவர் நண்பர்கள் இரண்டு பேர், நான். ஒரு வங்கிக் கிளை, எது என்று இங்கே சொல்லவில்லை. இஞ்ச் டேப் வைத்து அளந்தேன். கீழ்ப்படி நான்கு அங்குலம்தான், ரோடு போட்டுப் போட்டுப் பாதி புதைந்துவிட்டது. மேலே இரண்டும் ஏழு ஏழு. கூட்டினால் 18. அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

முதல் படம்: மேல்படியிலிருந்து நேராக ரோட்டுக்கு. மூன்று பேர் ஒரு ஓரம், இரண்டு பேர் மறு ஓரம். ஒரு முனைக்கு ஆள் குறைந்ததும் வாட்ச்மேன் தாத்தா தானாக வந்து பிடித்துக்கொண்டார். சேலை படியைத் தாண்டி, சாக்கடை மூடியைத் தாண்டி, தார் ரோட்டுக்குள் போய் நின்றது. டவுன் பஸ்காரர் ஹாரன் அடித்தார். கடைத்தெரு அண்ணாச்சி சொன்னது சரி என்று தோன்றி மனசு விட்டுப்போனது.

அப்போது அக்கா, "சுவரோரமாகத் திருப்புங்கள்" என்றார். மேல்படி மேடையிலிருந்து கட்டடத்தை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தோம். அங்கே பைக் நிறுத்துகிற இடம். காலை என்பதால் மூன்று பைக்தான் நின்றது, தள்ளிவைத்தோம். சேலை முழுதாக நீண்டது. கீழ்முனையில் நாற்காலி திரும்ப ஐந்தடி வேண்டும் என்றார் அக்கா, அதுவும் இருந்தது. அதுதான் இரண்டாவது படம்.

இப்போது சுவரொட்டியில் இரண்டு படமும் மேலும் கீழும். வாசகம் அதே நான்கு சொல். ஆள் முகம் இல்லை, துணி பிடித்த கைகள் மட்டும் ஓரத்தில்.

29. கடைத்தெரு

இரண்டாவது படத்தைப் பார்த்தேன். பைக் எட்டு நிற்குமா அந்த இடத்தில்?

30. அச்சுக்கோப்பு (குகை)

ஒன்பது நிற்கும். எண்ணினேன்.

31. கடைத்தெரு

ஆறடிப் பலகைக்கு எந்த மரம் தாங்கும் என்று யாராவது சொல்லுங்கள்.

32. வெண்கோல்

படவிளக்கம் படித்தேன், நன்றாக எழுதப் பழகிவிட்டீர்கள். போனும் 'மாற்றுத்திறனாளி' என்று முழுதாகச் சொன்னது. சேலை மஞ்சள் என்று எழுதியிருக்கிறீர்கள். கரை என்ன நிறம்?

33. பாவுநூல் (அம்மாப்பேட்டை)

அரக்கு சார். ரெட்டைப்பேட்டுக் கரை.